டிக்கெட் காசு போனா போகட்டும், அந்த ஜம்ப் வேணாம்

வாசகர் கேள்வி:

அண்ணே, எனக்கு 26 வயசு, பொகவந்தலாவ பக்கம் தோட்டம். துபாய்ல ஸ்கைடைவ் குதிக்கிற ஒரு ட்ராப்ஸோன்ல ரெண்டு வருசம் பாராசூட் பேக் பண்ற வேலை செஞ்சேன், அங்கயே ஸ்டாஃப் விலையில குதிச்சு யூஎஸ்பிஏ, அதாவது அமெரிக்க பாராசூட் சங்கத்தோட முதல் படியான ஏ லைசன்ஸ் எடுத்தேன், மொத்தம் 41 ஜம்ப். காண்ட்ராக்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு, இப்ப ஹட்டன் டவுன்ல ஒரு போன் கடையில நிக்கிறேன். ஜனவரியில ரெண்டு வாரம் லீவு கேட்டிருக்கேன், கையில இருக்கிற சல்லி கொஞ்சம்தான். பழைய கூட்டாளி ஒருத்தர் 135 சதுர அடி கேனப்பியோட (பாராசூட் துணி) முழு செட்டையும் பாதி விலைக்குத் தாரேன்னு சொல்றார், வாங்கலாமா? இங்க இருந்துக்கிட்டே டச் விட்டுப் போகாம இருக்க என்ன செய்யலாம்? வேர்ல்ட்ஸ் எண்ட் பாறை விளிம்புல இருந்து குதிச்சா ப்ளேன் காசு மிச்சம்தானேன்னு கூட்டாளிமார் கேக்குறாங்க, பாதி பகிடி பாதி சீரியஸ். என் எடை 68 கிலோ. அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கப் போறாங்க, அதனால இந்த ஆசைய பத்தி வீட்டுல பெருசா பேசவும் முடியல.

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விய முதல்ல முடிச்சிருவோம். வேர்ல்ட்ஸ் எண்ட் பள்ளம் சுமார் 870 மீட்டர்னு சொல்வாங்க, அடியில கணக்குப் போட்டா 2,850 சொச்சம். ஏ லைசன்ஸ்காரர் 3,000 அடிக்கு மேலயே பாராசூட்ட திறக்கணும்னு விதி இருக்குறது உங்களுக்குத் தெரியும், அப்பிடின்னா அந்தப் பள்ளத்தோட மொத்த உயரமே உங்க திறக்கிற உயரத்துக்குக் கீழதான் கிடக்கு. போதாததுக்கு ஸ்கைடைவ் கேனப்பி மெதுவா திறக்கணும்னே செஞ்ச சாமான், மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துல விழுற ஆளோட கழுத்து முறியாம இருக்கத்தான் கயிறுல வழுக்கி இறங்கி திறக்கிறத மெதுவாக்குற அந்த ஸ்லைடர் துணி எல்லாம், பாறையில இருந்து காலை எடுத்து வச்சவுடனே வேகமே இல்லாத காத்துல கேனப்பிய வெளிய இழுக்கிற அந்தச் சின்ன பைலட் சூட்டுக்கு இழுக்கிற பலமே இருக்காது, அப்பிடியே திறந்தாலும் மூஞ்சி பாறைப் பக்கம் திரும்பிட்டா முடிஞ்சுது. இப்பிடி மலை, கட்டடத்துல இருந்து குதிக்கிற பேஸ் ஜம்ப்புக்கு சாமானும் வேற படிப்பும் வேற, 200 ஸ்கைடைவாவது முடிச்சவங்கதான் அதப் பத்தி யோசிக்கவே தொடங்குவாங்க. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா வேற, உயிரோட இறங்கினாலும் கேஸ் காத்துக்கிட்டு இருக்கும். கூட்டாளிமார்கிட்ட இத சொல்லிட்டு பேச்ச மாத்திருங்க.

இப்ப அந்த 135. உங்க எடை 68 கிலோ, கிட்டத்தட்ட 150 பவுண்ட், சாமான் சட்டை ஹெல்மெட் எல்லாம் சேத்து இன்னொரு 25 வச்சா 175 பவுண்ட். அத 135 சதுர அடியால வகுத்தா 1.3 வருது, அதாவது ஒரு சதுர அடி துணி 1.3 பவுண்ட் தாங்கணும், இந்த நம்பர் கூடக் கூட கேனப்பி வேகமும் கூடும். 41 ஜம்ப் ஆளுக்கு, அதுவும் எட்டு மாசம் தரையில இருந்த ஆளுக்கு, அந்த நம்பர் 1.0 பக்கத்துல நிக்கணும், அதாவது 170க்குக் கீழ இறங்கக் கூடாது, திரும்பிப் போன முதல் ஜம்புகளுக்கு 190 குடுங்கன்னு நீங்களே வாய் விட்டுக் கேக்கணும். 135 ஏன் பாதி விலைக்கு வருதுன்னா சின்ன கேனப்பி விக்கிறவங்க நிறைய, வாங்கக் கூடிய தகுதி உள்ளவங்க கம்மி, அந்த இடைவெளியில உங்கள மாதிரி காசு கம்மியான பொடியங்கதான் மாட்டுறாங்க.

சரி, அதே விலைக்கு 190 கிடைச்சா வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. இப்போதைக்கு வேணாம். வருசத்துக்கு ஒரு தரம் போயி பத்துப் பதினஞ்சு ஜம்ப் அடிக்கிற ஆளுக்கு சொந்த சாமான் ஒரு செலவு, வாடகைதான் லாபம். ரிசர்வ, அதாவது அவசரத்துக்கு இருக்கிற ரெண்டாவது பாராசூட்ட, நீங்க திறக்கவே இல்லன்னாலும் அமெரிக்க விதிப்படி 180 நாளைக்கு ஒரு தரம் லைசன்ஸ் உள்ள ரிகர் (பாராசூட் சோதிச்சு பழுது பாக்கிறவர்) பிரிச்சுப் பாத்து மறுபடி பேக் பண்ணணும், வேற நாட்டுல இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும் ஆனா எங்கயும் இல்லாம இல்ல. நீங்க திறக்காம விட்டா ரிசர்வ தானா திறக்கிற ஏஏடி கருவிக்கும் ஆயுசு இருக்கு, சைப்ரஸ் பிராண்டு புது மாடல்னா தயாரிச்ச தேதியில இருந்து 15 வருசம் சொச்சம், விஜில் 20 வருசம், நீங்க குதிச்சாலும் அலமாரியில வச்சாலும் அந்த வருசம் கரைஞ்சுக்கிட்டேதான் போகும். ஹட்டன்ல ரிகர தேடி நீங்க எங்க போவீங்க?

அதுக்கு மேல நம்ம ஊரு ஈரம். வட்டவளை, ஹட்டன், பொகவந்தலாவ மழைய பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, மே மாசம் தொடங்கினா லயத்துச் சுவரே வேர்க்கும், நைலான் துணி அந்த ஓதத்துல பூசணம் புடிக்கும், இரும்பு வளையம் துருவாகும், அடுப்புப் புகை ஏறும், எலி வேற தனி. காய வைக்கலாம்னு வெயில்ல போட்டா அது அதவிட மோசம், வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் நைலான் பலத்தையே தின்னுரும், வெளியில பாத்தா ஒண்ணுமே தெரியாது. அப்பிடியும் என்னைக்காவது வாங்குற நிலைமை வந்தா, காசு குடுக்க முந்தி உங்களுக்கும் விக்கிறவருக்கும் சம்பந்தம் இல்லாத ஒரு ரிகர் கையில குடுத்து, கன்டெய்னர் (முதுகுல மாட்டுற பை), ரிசர்வ், மெயின் கேனப்பி, ஏஏடி நாலோட தயாரிச்ச தேதியும், லைன், அதாவது கேனப்பிக் கயிறு, எத்தின ஜம்ப் பாத்திருக்குன்னும் எழுதி வாங்குங்க. ஸ்பெக்ட்ராங்கிற நூல்ல செஞ்ச லைன்னா ஸ்லைடர் உரசுற சூட்டுல சுருங்கும், திருப்பவும் ப்ரேக் புடிக்கவும் இழுக்கிற ஸ்டியரிங் லைன்தான் மத்ததவிட கூட சுருங்கும், அப்ப கேனப்பி கோணலா திறக்கும், ப்ரேக்ல கை வைக்காமலே ப்ரேக் புடிச்ச மாதிரி பறக்கும். லைன் செட் மாத்துற கூலியையும் விலையோட கூட்டிப் பாத்தாத்தான் பாதி விலை உண்மையிலயே பாதியான்னு தெரியும்.

உங்களுக்குச் சொந்தமா வேண்டியது ரெண்டே ரெண்டு, தலைக்குச் சரியா பொருந்துற ஹெல்மெட் ஒண்ணு, உயரம் காட்டுற ஒரு நல்ல ஆல்டிமீட்டர். செகண்ட் ஹேண்ட் பரவால்ல. ஆல்டிமீட்டர் கையில வந்துட்டா நம்ம ஊர்ல அதுக்கு ஒரு இலவச வேலை இருக்கு. கொழும்பு கோட்டையில முள்ள பூச்சியத்துல வச்சிட்டு மலைநாட்டு ரயில்ல ஏறுங்க. நாவலப்பிட்டி தாண்டி வட்டவளை வாறதுக்குள்ள 3,000 அடிய கடந்திரும், அதான் நீங்க கடைசியா திறக்க வேண்டிய உயரம், ஹட்டன் ஸ்டேஷன்ல இறங்கும்போது 4,000க்கு மேல காட்டும், அப்பிடியே தூங்கிட்டு பட்டிப்பொல வரைக்கும் போயிட்டீங்கன்னா 6,200 சொச்சம். யோசிச்சுப் பாருங்க, உங்க வீட்டு வாசலே உங்க திறக்கிற உயரத்துக்கு மேலதான் இருக்கு. ரயில்ல உக்காந்து பேசிக்கிட்டே இருக்கும்போது சட்டுனு ஒரு பார்வை, முள்ளப் பாத்து உயரத்தச் சொல்லணும், திரும்ப பேச்சுக்குப் போகணும், இத கண்ணுக்குப் பழக்கிட்டா மேல விழும்போது முள்ளையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டீங்க. 3,000 அடியில இருந்து தரைக்கு, ஒண்ணுமே திறக்காம விழுந்தா, சுமார் 17 செக்கன். கோட்டையில இருந்து அந்த 3,000 அடி ஏற ரயில் மணிக்கணக்கா எடுக்கும், அது வேற கதை.

இதோட ஒட்டின இன்னொரு விஷயம், ஏஏடி ஆன் பண்ற இடத்த தான் தரைன்னு நினைச்சுக்கும். அதனால எப்பவும் ட்ராப்ஸோனுக்குப் போயி, அந்தத் தரையில நின்னு ஆன் பண்ணணும், ரூம்லயே போட்டுட்டு வண்டியில மலை ஏறி இறங்கி வாறது கூடவே கூடாது, அப்பிடி வந்துட்டீங்கன்னா ஆஃப் பண்ணி மறுபடி போடுங்க. பாலைவனத்துல எல்லாம் ஒரே மட்டம், அதனால அங்க யாரும் இத பெருசா பேசியிருக்க மாட்டாங்க, மலையில வளந்த நமக்கு இது சொல்லாமலே விளங்கணும்.

டச் விட்டுப் போகாம இருக்க என்ன செய்யலாம்னு கேட்டீங்க. காசில்லாத பயிற்சிதான் இதுல பாதி. ஒரு பழைய ஸ்கூல் பேக்ல வலது பக்கம் ஒண்ணு இடது பக்கம் ஒண்ணுன்னு துணியில ரெண்டு ஹேண்டில் தைச்சு ஒட்டிக்கிட்டு, காலையில வேலைக்குப் போக முந்தி அஞ்சு நிமிசம் அவசர முறைய செய்யுங்க, வலதுல கட்டவே (கோளாறான மெயின் கேனப்பிய கழட்டி விடுறது), இடதுல ரிசர்வ், பாத்து புடிச்சு இழுக்கணும். ஒரு கைக்கு ஒரு ஹேண்டிலா, ரெண்டு கையாலயும் ஒவ்வொண்ணா, உங்களுக்கு எத சொல்லிக் குடுத்தாங்களோ அதையே செய்யுங்க, வீடியோ பாத்து நடுவுல முறைய மாத்தாதீங்க. சும்மா இழுத்தா போதாது, ஒவ்வொரு தரமும் ஒரு பிரச்சினைய நினைச்சுக்கிட்டு செய்யணும், பேக் திறக்கவே இல்ல, லைன் முறுக்கிக்கிட்டு சுத்துது, ரெண்டு கேனப்பியும் வெளிய வந்திருச்சு, ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற, சிலதுல கட்டவே பண்ணணும் சிலதுல பண்ணக் கூடாது. உங்க முடிவு உயரம் 2,500 அடி, அதுக்குக் கீழ போயி சரி பண்ணிப் பாக்கலாம்னு யோசிக்கவே கூடாதுன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. வீட்டுல பாத்தா பைத்தியம்னு நினைப்பாங்க, நினைக்கட்டும்.

அடுத்தது பிஎல்எஃப், விழுந்து உருள்ற முறை. பாதமும் முட்டியும் ஒட்டி, முன் பாதம், கெண்டைக்கால் பக்கம், தொடை, இடுப்பு, முதுகோரம்னு வரிசையா தரையில பட்டு உருளணும், கைய ஊனவே கூடாது. லைசன்ஸ் எடுத்த அடுத்த நாளே எல்லாரும் மறந்துர்ற விஷயம் இது, நின்னு இறங்குறதுதான் ஸ்டைல்னு நினைப்பு. பெரட்டுக்களத்துல புல்லுத் தரையா பாத்து, ஒரு படி உயரத்துல இருந்து முன்னால, பக்கத்துல, பின்னால குதிச்சு உருண்டு பழகுங்க. ஒரு உடைஞ்ச கணுக்கால் உங்க மூணு வருச சேமிப்ப முழுங்கிரும், அத காப்பாத்துற வித்தை இப்பிடி இலவசமா கிடக்கு. உடம்பு தெம்ப பத்தி நான் பேசல, பொகவந்தலாவ மலை ஏறி இறங்குற ஆளுக்கு ஜிம் எதுக்கு.

பேக்கிங் உங்க தொழில். அதுல ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன், ஷெட்ல நாளைக்கு இருபது முப்பது சுருட்டின வேகத்துல உங்க சொந்த ஜம்ப்புக்கு பேக் பண்ணாதீங்க. வாடகை சாமான் கையில வாங்கினவுடனே கன்டெய்னர மூடிப் புடிக்கிற லூப் கயிறு நஞ்சிருக்கா, பைலட் சூட் காக் பண்ணியிருக்கா (வேலை செய்யத் தயாரா இழுத்து வச்சிருக்கா), மெயின கழட்டி விடுற மூணு வளையம் சரியா கோத்திருக்கா, ரிசர்வ் கார்டுல தேதி என்னன்னு பாருங்க. லூப் ஒண்ணோட விலை ஒண்ணுமே இல்ல, நஞ்ச லூப்பால ப்ளேன் கதவுக்கிட்ட கன்டெய்னர் தானா திறந்தா உங்களோட சேத்து ப்ளேன்ல இருக்கிற எல்லாருக்கும் ஆபத்து.

இனி பயணம். சல்லி கம்மின்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு ஜம்ப்னு சொட்டுச் சொட்டா செலவழிக்கிறதவிட, சேத்து வச்சு ஒரே வாரத்துல கொத்தா அடிக்கிறது நல்லது, உடம்பு நேத்து செஞ்சது இன்னைக்கு ஞாபகம் வச்சிருக்கும். யூஎஸ்பிஏ சொல்றபடி ஏ லைசன்ஸ்காரர் 60 நாள் குதிக்கலன்னா இன்ஸ்ட்ரக்டரோட மேற்பார்வையில ஒரு ஜம்பாவது செஞ்சு காட்டணும், உங்களுக்கு எட்டு மாசம், அதனால சில இடத்துல தரையில ஒரு ரிஃப்ரெஷரும் கூடவே கேப்பாங்க. அந்தச் செலவ பட்ஜெட்ல முதல் வரியா எழுதுங்க. லாக்புக்ல ரெண்டு ஜம்ப் கூட எழுதிட்டா யாருக்குத் தெரியும்னு சொல்ற ஆட்கள் இருக்காங்க, தெரிய வேண்டிய இடத்துல, அதாவது 2,500 அடியில, நல்லாத் தெரியும்.

முதல் ஜம்ப் அப்பிடி போகட்டும். மிச்சத்துல பாதிய முழு உயரத்துக்குப் போகாம ஹாப் அண்ட் பாப்பா வச்சுக்குங்க, 5,000 அடி சொச்சத்துல வெளிய வந்து உடனே திறக்கிறது, அநேகமா எல்லா இடத்துலயும் முழு உயரத்தவிட விலை குறைவு, அதோட உங்களுக்குத் தேவையானதே அதுதான். ஏன்னா இந்த விளையாட்டுல ஆள் சாகுறது நம்ம ஊர் ஆட்கள் நினைக்கிற மாதிரி பாராசூட் திறக்காம மட்டும் இல்ல. அமெரிக்காவுல 2023ல சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் ஜம்ப்புக்கு 10 மரணம்தான், ஆனா வருசா வருசம் அந்த அறிக்கைகள வாசிச்சா நல்லா திறந்த கேனப்பிக்குக் கீழ, தரைக்குக் கிட்ட, தப்பா திரும்பி அடிபட்டவங்கதான் திரும்பத் திரும்ப வருவாங்க. தரை கிட்ட வந்தாச்சு, முன்னால ஒரு தடை, பயத்துல ஒரு பக்க டாகிள, அதாவது ஸ்டியரிங் லைன் கைப்பிடிய, முழுசா இழுத்தா கேனப்பி மூக்கு குத்தும், நீங்க பின்னால ஊஞ்சல் மாதிரி வீசி தரையில அடிபடுவீங்க. அந்த நேரத்துல வேண்டியது அரை ப்ரேக்ல வச்சு மெதுவா தட்டையா திரும்புறது, இல்லன்னா காத்துக்கு குறுக்க இறங்கிட்டு உருண்டுர்றது. இந்தத் தட்டைத் திருப்பத்த, ரியர் ரைசர் (தோளுக்கு மேல பின்பக்கப் பட்டை) திருப்பத்த, ஸ்டால் (கேனப்பி பறக்கிறத விட்டு சரியறது) எப்ப வருதுங்கிறத எல்லாம் 2,500க்கு மேல விளையாடிப் பாத்துட்டு, அப்புறம் 1,000 அடியில இறங்குற பாதைய, அதான் பேட்டர்ன், தொடங்கி, 600ல ஒரு திருப்பம், 300ல கடைசி நேர்கோடுன்னு ஒழுங்கா வந்து இறங்குங்க. 50 ஜம்ப்ல பி லைசன்ஸ் வாங்கலாம், அதுக்கு கேனப்பி கோர்ஸும் 10 மீட்டருக்குள்ள 10 தரம் இறங்கினதும் வேணும், உங்களுக்கு இன்னும் 9 ஜம்ப்தான் பாக்கி. தண்ணில இறங்குற பயிற்சியும் அதுல இருக்கு, நீச்சல் தெரியாதுன்னா இப்பவே பழகத் தொடங்குங்க.

எங்க போகலாம்னா, பழைய இடத்துல உங்கள தெரிஞ்ச ஆட்கள் இருக்காங்க, கோச் ஒருத்தர் தேத்தண்ணிக்கே உங்க வீடியோவ பாத்து நாலு திருத்தம் சொல்வார், அது பெரிய காசு. ஆனா விசிட் விசாவுல போயி பேக் பண்ணிக் குடுத்து ஜம்ப் காச கழிச்சுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அங்க அது சட்டவிரோதமான வேலை, புடிச்சா அடுத்த தரம் விசாவே இல்ல. தாய்லாந்து, அப்புறம் இந்தியாவுல ஹரியானா நார்னோல் பக்கம்னு வேற இடங்களும் இருக்கு, எங்கயா இருந்தாலும் உங்க லைசன்ஸுக்கு தனியா குதிக்க விடுவாங்களா, வாடகைக்கு 190 இருக்கா, ஹாப் அண்ட் பாப் உண்டான்னு எழுத்துல கேட்டு பதில் வந்த பிறகுதான் டிக்கெட் போடணும். இன்ஸ்ட்ரக்டரோட கட்டிக்கிட்டு குதிக்கிற டேண்டம் மட்டும் ஓட்டுற இடத்துக்குப் போயி நின்னா உங்களுக்கு அங்க வேலை இல்ல.

இப்ப நான் உங்ககிட்ட உண்மையா பயப்படுற இடத்துக்கு வாறேன். சல்லி கம்மியான ஆளுக்கு ஆபத்து பழைய சாமான்ல இல்ல தம்பி, டிக்கெட் போட்டாச்சு, லீவு எடுத்தாச்சு, அம்மாகிட்ட பொய் சொல்லிட்டு வந்தாச்சு, இன்னைக்கு குதிக்காம போனா அவ்வளவும் தண்ணின்னு மனசு கணக்குப் போடுது பாருங்க, அதுலதான் இருக்கு. பணக்கார ஆள் காத்த பாத்துட்டு ஹோட்டலுக்குப் போயி தூங்குவார், அவருக்கு நாளைக்கும் காசு இருக்கு. நம்ம பொடியன் காத்து ஏறிக்கிட்டே இருக்கிறப்பவும் அன்னைக்கு கடைசி ப்ளேன் லோட்ல பேர் குடுப்பான், நாளைக்கு ராத்திரி ஃப்ளைட். தூக்கம் இல்ல, சாப்பாட்டுல மிச்சம் புடிச்சு பன்னும் ப்ளேன்டீயும், அன்னைக்கு அஞ்சாவது ஜம்ப், புது இடம், வாடகை சாமான். இது எல்லாம் ஒண்ணா சேர்ற நாள் அநேகமா பயணத்தோட கடைசி நாள்தான்.

அதனால பட்ஜெட்ட வேற மாதிரி போடுங்க. ஏழு நாள் போறீங்கன்னா நாலு நாளைக்குத்தான் ஜம்ப்னு வையுங்க, மிச்சம் மூணு நாள் காத்துக்கும் மேகத்துக்கும் குடுத்த நாள், அதுக்கும் சாப்பாட்டுக் காசு ரூம் காசு ஒதுக்கி வையுங்க, ஃப்ளைட் நாளுக்கு முந்தின நாள் குதிக்கவே வேணாம். பதினஞ்சு ஜம்ப் ஆசை பத்துக்கு இறங்கும், இறங்கட்டும். ஸ்டூடன்டுக்கு தரைக் காத்து மணிக்கு 14 மைல்தான் உச்சம்னு யூஎஸ்பிஏ விதி, லைசன்ஸ் எடுத்தவனுக்கு அந்த விதி இல்ல, அவனே முடிவு எடுக்கணும். நீங்க அந்த 14ஐயே உங்களுக்கும் வச்சுக்குங்க, இங்கயே, ஹட்டன்லயே, டிக்கெட் வாங்க முந்தி லாக்புக் முதல் பக்கத்துல பேனாவால எழுதுங்க, ஒரு நாளைக்கு மூணு ஜம்ப்புக்கு மேல இல்லைன்னும் சேத்து எழுதுங்க. அங்க போயி யோசிச்சா அது யோசனையா இருக்காது, பேரமா இருக்கும். ப்ளேன் கதவு வரைக்கும் போயிட்டு மனசு சரியில்லைன்னு ப்ளேனோடயே இறங்கி வந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஒரு ஜம்ப் காசு போகும், அவ்வளவுதான். அம்மா அந்தக் காசுக்கு எத்தின நாள் மலைக்குப் போகணும்னு உங்க மனசு அப்ப கேக்கும், எனக்குத் தெரியும், ஆனா அந்தக் கேள்விய கேக்க வேண்டிய இடம் பொகவந்தலாவ, ப்ளேன் கதவு இல்ல. இந்த வருசம் அந்தக் காசு வீட்டுக்குத் தேவைன்னா பயணத்த அடுத்த வருசத்துக்குத் தள்ளுங்க, லைசன்ஸ் எங்கயும் ஓடாது, திரும்ப ஒரு ரிஃப்ரெஷர் செய்யணும், அதுதான் நட்டம்.

ஒண்ணு விட்டுப் போச்சு, இன்ஷூரன்ஸ். சாதாரண ட்ராவல் பாலிசில ஸ்கைடைவிங்க அநேகமா விலக்கியிருப்பாங்க, சிலதுல டேண்டத்துக்கு மட்டும் குடுப்பாங்க, தனியா குதிச்சு கால் உடைஞ்சா ஆஸ்பத்திரி பில் முழுக்க உங்க தலையில, கடன்பட்டு அத கட்டப் போறது வீட்டுல இருக்கிறவங்க. லைசன்ஸ் உள்ள தனி ஜம்ப்புக்கு கவர் உண்டுன்னு எழுத்துல இருக்கிற பாலிசியா பாத்து வாங்குங்க, அந்தக் காசுக்கு ரெண்டு ஜம்ப் குறைஞ்சாலும் பரவால்ல. விலக்குப் பட்டியல் இருக்கிற பக்கம் விளங்கலன்னா அத மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, வாசிச்சு சொல்றேன்.